கடிகாரமும் ஓர் அமானிதமே



நம் வீடுகளில் ஓர் அலட்சியம் பழக்கமாகிவிட்டது. கணினியில் நேரம் பிழையாகத் தெரிந்தால், அது ஏன் பிழையாயிற்று என்று எவரும் கேட்பதில்லை. சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்து, திரையின் மூலையைச் சொடுக்கி, எண்களை மாற்றிவிட்டு எழுந்து விடுகிறோம். மறுநாள் மீண்டும் பிழை; மீண்டும் கைத்திருத்தம். "இலவசமாக வந்த லேப்டாப் வேறு எப்படி இருக்கும்?" என்ற ஒரு சொல்லோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

இந்த அலட்சியத்தை எதிர்த்தே இதனை எழுதுகிறோம். அந்தக் கணினியில்தான் இன்று பலர் தொழுகை நேர மென்பொருளை நிறுவியிருக்கின்றனர். பள்ளிவாசலின் பாங்கு எட்டாத தெருக்களில் வீட்டார் அதன் ஒலியைக் கேட்டே தொழுகைக்கு எழுகின்றனர். ரமளானில் ஸஹர் உணவை நிறுத்துவதும், மஃரிபில் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுப்பதும் அந்தத் திரையைப் பார்த்துத்தான். ஒரு குடும்பத்தின் இபாதத்தைத் தாங்கி நிற்கும் கடிகாரம் அமானிதமாகும். அதனை மனம்போன போக்கில் நகர்த்தும் உரிமை நம்மில் எவருக்கும் இல்லை.

ஒரு கணினி, இரு கணக்கு

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. அதன் தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒருங்கே நிறுவப்பட்டிருந்தன. பொன்னமராவதி போன்ற ஊர்களில் பல பிள்ளைகள் முதன்முதலாகத் தொட்ட கணினி அதுதான். கணினியை இயக்கியதும் எந்தத் தளத்தில் நுழைய வேண்டும் என்று அது கேட்கும். அந்தக் கேள்வியின் பின்னே ஒரு கருத்து வேறுபாடு மறைந்திருக்கிறது என்பதை நம்மில் பலர் அறிந்திலர்.

கணினியின் தாய்ப்பலகையில் ஒரு சிறு கடிகாரம் உண்டு. கணினி அணைந்திருக்கும்போதும் பொத்தான் அளவுள்ள பேட்டரியின் துணையால் அது ஓடிக்கொண்டேயிருக்கும். 1984இல் வெளிவந்த ஐபிஎம் நிறுவனத்தின் ஏடி கணினியிலிருந்து இந்த ஏற்பாடு தொடர்ந்து வருகிறது. அந்தக் கடிகாரத்துக்கு மணியும் தேதியும் மட்டுமே தெரியும். அது காட்டுவது இந்திய நேரமா, இலண்டன் நேரமா, உலகப் பொது நேரமா என்பது அதற்குத் தெரியாது. அதனைப் படிக்கும் இயங்குதளமே பொருள் கொள்ள வேண்டும்.

இங்கேதான் இரு தளங்களும் பிரிகின்றன. விண்டோஸ், டாஸ் காலத்து வழக்கத்தை விடாமல், அந்த எண்ணை உள்ளூர் நேரம் என்று கொள்கிறது. லினக்ஸ் அதனை யுடிசி எனப்படும் உலகப் பொது நேரம் என்று கொண்டு, இந்தியாவுக்காக ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக் காட்டுகிறது. இரண்டும் ஒரே கடிகாரத்தில் மாறி மாறி எழுதுகின்றன.

விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். லினக்ஸில் வேலை செய்துவிட்டு அணைக்கிறோம். உள்கடிகாரத்தில் பொது நேரம் பதிவாகிறது. பின்னர் மாலை 6:30க்கு விண்டோஸைத் திறந்தால் அது பகல் 1:00 என்று காட்டும். மஃரிப் வேளையில் லுஹர்! இதன் மறுதலை இன்னும் கேடானது. பகல் 1:00க்கு விண்டோஸில் நேரத்தைக் கையால் 'சரிசெய்து' அணைத்துவிட்டு, இணைய இணைப்பின்றி லினக்ஸைத் திறந்தால் அது மாலை 6:30 என்று காட்டும். நடுப்பகலில் மஃரிப் பாங்கு ஒலிக்கும். விண்டோஸில் நாம் செய்த திருத்தமே லினக்ஸில் பிழையாகிவிட்டது. ஆயிரம் முறை கையால் திருத்தினாலும் இந்தச் சுழல் நிற்காது. இரு தளங்களும் ஒரே கணக்கை ஒப்புக்கொள்ளும் வரை அது தொடரும்.

இலண்டன் என்னும் குறுக்குவழி

ஐந்தரை மணி நேரப் பிழை கண்ணுக்குத் தெரிந்துவிடும். நடுப்பகலில் மஃரிப் பாங்கு கேட்டு எவரும் நோன்பு திறக்கப் போவதில்லை. கண்ணுக்குத் தெரியாத பிழையே நாம் அஞ்ச வேண்டியது. அதனை வரவழைப்பது 'கெட்டிக்காரர்கள்' சிலர் கையாளும் ஒரு குறுக்குவழி.

லினக்ஸ் ஐந்தரை மணி நேரம் கூட்டிக் காட்டுகிறதா? நேர மண்டலத்தைக் கொல்கத்தாவிலிருந்து இலண்டனுக்கு மாற்று. இணையத்திலிருந்து நேரம் பெறும் வசதியை அணைத்துவிடு. எல்லாம் சரியாகிவிடும் என்பது அவர்கள் கூறும் வைத்தியம். குளிர்காலத்தில் இலண்டன் நேரமும் உலகப் பொது நேரமும் ஒன்றே என்பதால், பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். நவம்பர் முதல் மார்ச் இறுதி வரை எந்தச் சிக்கலும் எழாது.

ஆனால் பிரிட்டனில் கோடை நேரம் உண்டு. மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவர். அக்டோபரின் கடைசி ஞாயிறன்று பின்னே இழுப்பர். இலண்டனின் பெயரைச் சூடிய பொன்னமராவதிக் கணினியும் அந்த நாளில் ஒரு மணி நேரம் தாவும். 2025இல் அந்த ஞாயிறு மார்ச் 30. தமிழ்நாட்டில் அது ரமளானின் 29ஆம் நோன்பு, மறுநாள் பெருநாள். அட்டவணை நேரங்களை உள்ளீடு செய்து பாங்கு ஒலிக்கச் செய்யும் ஒரு கணினி அன்று இந்தக் குறுக்குவழியில் ஓடியிருந்தால், சூரியன் மேற்கில் நன்றாக ஒளிர்ந்துகொண்டிருக்கும்போதே மஃரிப் பாங்கு ஒலித்திருக்கும். மாதம் முழுவதும் காத்த நோன்பின் கடைசி நாளில், நம் நாட்டில் நடைமுறையிலேயே இல்லாத ஒரு கோடை நேரச் சட்டம் நம் வீட்டுக்குள் புகுந்திருக்கும்.

பொய்யான இடத்தைச் சொல்லி மெய்யான நேரத்தைப் பெற முயல்வது எத்தகைய அறிவு? பொன்னமராவதியில் இருக்கும் கணினிக்குப் பொன்னமராவதியின் மண்டலத்தைச் சொல்வோம். அப்போதும் நேரம் பிழையானால், பிழை வேறோர் இடத்தில் இருக்கிறது என்று பொருள். அதனைத் தேடிச் சரிசெய்வதே நேர்மை.

பேணுதல் என்னும் போர்வை

இவ்வளவு நுணுக்கம் தேவையா, ஐந்து நிமிடம் பேணுதலுக்காகக் கூட்டிக்கொண்டால் போதாதா என்று சிலர் கேட்கின்றனர். பேணுதல் நல்ல சொல். ஆனால் அலட்சியத்துக்குப் போர்த்தும் போர்வை அன்று.

நோன்புக்கு இரு எல்லைகள் உண்டு. கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தி ஓடினால், ஸஹரை ஐந்து நிமிடம் முன்னதாக நிறுத்துவோம். அதில் பேணுதல் இருக்கிறது. ஆனால் அதே கடிகாரம் மாலையில் சூரியன் மறைவதற்கு ஐந்து நிமிடம் முன்பே நோன்பைத் திறக்கச் சொல்லும். பிந்தி ஓடினாலோ, மஃரிபில் காத்திருப்போம். விடியலில் ஃபஜ்ர் நேரம் நுழைந்த பின்னும் உண்டுகொண்டிருப்போம். பிழையான கடிகாரம் நோன்பின் இரு எல்லைகளிலும் ஒருசேரப் பேணுதலாக அமைய முடியாது. பேணுதல் வேண்டுமெனில் கடிகாரம் முதலில் துல்லியமாக இருக்க வேண்டும். அதன் பிறகு ஸஹருக்குச் சில நிமிடம் குறைத்தும் மஃரிபுக்குச் சில நிமிடம் கூட்டியும் அட்டவணையில் வைத்துக்கொள்ளலாம். பேணுதலுக்குரிய இடம் அட்டவணைதான். கடிகாரத்தில் அதனைச் சேர்த்தல் முறையாகாது.

இது சிறு விஷயம் என்று எண்ணுவோர் ஒன்றை நினைவில் கொள்ளட்டும். சூரியன் மறைந்துவிட்டது என்று எண்ணி நோன்பு திறந்த பின், அது மறையவில்லை எனத் தெரியவந்தால், அந்த நோன்பைக் களாச் செய்ய வேண்டும் என்பதே பெரும்பான்மையான ஃபிக்ஹு அறிஞர்களின் முடிவு. அடுப்படியில் நாள் முழுதும் நின்று நோன்பு நோற்ற தாய்க்கு, மகனின் கணினி அமைப்பால் ஒரு களா நோன்பு வந்து சேர்வது சிறு விஷயமா?

நேரம் அரசுகளின் ஒப்பந்தம்

முன்னோர் கடிகாரமின்றித் தொழவில்லையா என்று கேட்போரும் உண்டு. தொழுதனர், அவர்கள் வானத்தைப் பார்த்தனர். நாம் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கடிகாரத்தையும் கவனியாமல் விடுகிறோம். முன்னோரின் பெயரைச் சொல்லும் தகுதி இதனால் கிடைத்துவிடுமா? தொழுகை நேரத்தைக் கணிக்கவென்றே பள்ளிவாசல்களில் முவக்கித் என்ற பதவியை வைத்திருந்த சமுதாயம் நம்முடையது. திமிஷ்கு நகரின் உமய்யாப் பள்ளிவாசலில் அப்பதவியை வகித்த இப்னுஷ் ஷாத்திர், ஏறத்தாழ 1371இல் அதன் மினாராவுக்காக ஒரு பெரும் சூரியக் கடிகாரத்தை அமைத்தார். வானநூலில் உலகப் புகழ் பெற்ற அந்த மேதை, தம் அறிவைப் பள்ளிவாசலின் நேரப் பணிக்கு அளிப்பதை இழிவாகக் கருதவில்லை.

சூரியனின் ஓட்டம் அல்லாஹ்வின் ஏற்பாடு. கடிகாரத்தின் எண்ணோ மனிதர் செய்துகொண்ட ஒப்பந்தம். அரசுகள் நினைத்தால் மாற்றலாம். நம் நாட்டிலேயே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டிருந்தன. இலங்கை 1996 மே மாதத்தில் ஒரு மணி நேரம் முன்னே சென்று, அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி பின்வாங்கி, 2006 ஏப்ரலில் மீண்டும் இந்திய நேரத்தோடு இணைந்தது. மொரோக்கோ 2018 முதல் ஆண்டு முழுவதும் ஒரு மணி நேரம் முன்னே நின்று, ரமளானில் மட்டும் பின்னே வருகிறது.

லெபனானில் நடந்தது இவை யாவற்றினும் பெரிய பாடம். 2023 மார்ச்சில், கோடை நேரத்தை ரமளான் முடியும் வரை தள்ளிவைப்பதாக அந்நாட்டு அரசு கடைசி நேரத்தில் அறிவித்தது. மரோனைட் திருச்சபை அதனை ஏற்க மறுத்தது. சில நாள்கள் ஒரே நாட்டில் இரு நேரங்கள் நடந்தன. உலகக் கணினிகள் நம்பியிருக்கும் நேர மண்டலத் தரவுத்தொகுப்பு ஒரு வாரத்துக்குள் இருமுறை திருத்தி வெளியிடப்பட்டது. இறுதியில் அரசே தன் முடிவைத் திரும்பப் பெற்றது. அந்த நாள்களில் அங்கே சூரியன் மறையும் வேளை இதனால் ஒரு நொடியும் மாறவில்லை. மாறியதெல்லாம் அதற்கு மனிதர் சூட்டிய எண்.

ஆகவேதான் உள்கடிகாரம் பொது நேரத்திலேயே இருக்க வேண்டும் என்கிறோம். பொது நேரத்துக்குக் கோடையும் இல்லை, குளிரும் இல்லை. எந்த அரசு எந்த ஆணை பிறப்பித்தாலும் அது அசையாது. உள்ளூர் நேரம் அதன்மேல் இடப்படும் கணக்கு மட்டுமே. அரசு மாறினால் கணக்கு மாறும், அடித்தளம் மாறாது.

லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு இறக்கிவிட்டால் போதாதா என்பது நியாயமான கேள்வி. கோடை நேரமே இல்லாத இந்தியாவில் அது வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் நம் பிள்ளைகள் ஊரிலேயே இருப்பதில்லை. அதே கணினி மேற்படிப்புக்காக மான்செஸ்டருக்கோ டொராண்டோவுக்கோ செல்லும். அங்கே கோடை நேரம் தொடங்கும் இரவில் லினக்ஸ் உள்கடிகாரத்தை ஒரு மணி நேரம் நகர்த்தி எழுதிவிட, பின்னர் திறக்கப்படும் விண்டோஸ் தன் பங்குக்கு மற்றொரு மணி நேரத்தைக் கூட்டிவிடக்கூடும். ஒரு மாற்றத்துக்கு இரு தாவல்கள். அந்நிய ஊரில் அருகில் பள்ளிவாசலும் இல்லாமல், கணினியை நம்பி ஸஹர் உண்ணும் பிள்ளைக்கு இந்நிலை வர வேண்டுமா?

இன்னும் சிலர், சிக்கலே வேண்டாம் என்று லினக்ஸை அழித்துவிடுகின்றனர். உள்ளூர் நேரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது விண்டோஸ், தண்டனை லினக்ஸுக்கு. கட்டணமின்றிக் கிடைத்த ஒரு நல்ல கருவியைப் பிள்ளையின் கையிலிருந்து பறிப்பதற்குப் பத்து நிமிட வேலையின்மீதுள்ள சோம்பலைத் தவிர வேறு காரணம் நமக்குத் தெரியவில்லை.

சென்னையின் சூரியன் வேறு

அடிக்கடிகாரமும் நேர மண்டலமும் சரியான பின் மூன்றாவதாக ஒன்று உண்டு: இடம். மென்பொருளை நிறுவும்போது பலர் பட்டியலில் முதலில் தென்படும் 'சென்னை'யை அழுத்திவிட்டுப் போகின்றனர். இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகையை அடிப்படையாகக் கொண்டது. பொன்னமராவதியோ ஏறத்தாழ 78.5 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் வீதம், நம் ஊரில் சூரியன் உச்சியைக் கடப்பது சராசரியாக 12:16க்குத்தான். பருவத்தைப் பொறுத்து அது நவம்பர் தொடக்கத்தில் 12:00ஐ ஒட்டியும், பிப்ரவரி நடுவில் 12:30ஐ ஒட்டியும் அமையும்.

சென்னை நமக்குக் கிழக்கே இருப்பதால் அங்கே சூரியன் முன்னதாக மறைகிறது. மார்ச் மாதத்தில் இந்த இடைவெளி சுமார் ஏழு நிமிடம். ஜூனில் இரண்டு நிமிடமாகச் சுருங்கும். டிசம்பரில் பன்னிரண்டு நிமிடம் வரை விரியும். சென்னை அட்டவணையைக் கொண்டு பொன்னமராவதியில் நோன்பு திறப்பவர், ஆண்டின் எந்த மாதமாயினும் சூரியன் மறையுமுன்பே திறக்கிறார். 2030 டிசம்பர் இறுதியில் ரமளான் வரவிருக்கிறது. அன்று அந்த இடைவெளி ஏறத்தாழ உச்சத்தில் இருக்கும். அஸர் தொழுகைக்கு ஷாஃபிஈ கணக்கா, ஹனஃபி கணக்கா என்பதையும் மென்பொருள் கேட்கும். அதற்கும் கண்ணை மூடிக்கொண்டு விடை சொல்லாதீர்கள். உங்கள் பள்ளிவாசலின் இமாமிடம் கேட்டுக் குறியுங்கள்.

செய்ய வேண்டியவை

இரு தளங்கள் உள்ள கணினியில் லினக்ஸின் இயல்பான அமைப்பை மாற்றாதீர்கள். உள்கடிகாரம் யுடிசியில் இருக்கிறது என்ற அமைப்பே அதில் இருக்கட்டும். விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியைத் திறந்து, 'லோக்கல் மெஷின்' பகுதியில் 'சிஸ்டம்', 'கரன்ட் கண்ட்ரோல் செட்', 'கண்ட்ரோல்' வழியே 'டைம் ஸோன் இன்ஃபர்மேஷன்' என்ற பிரிவுக்குச் செல்லுங்கள். அங்கே 'ரியல் டைம் இஸ் யுனிவர்சல்' என்ற பெயரில், சொற்களுக்கிடையே இடைவெளியின்றி, 'டிவேர்டு' வகையில் ஒரு புதிய மதிப்பை உருவாக்கி அதனை 1 என்று அமையுங்கள். ரெஜிஸ்ட்ரியில் வேறெதையும் தொடாதீர்கள். பழக்கமில்லாதோர் அறிந்த ஒருவரை உடன் வைத்துக்கொள்வது நல்லது. பிறகு கணினியை மறுபடி இயக்கி, இரு தளங்களிலும் மண்டலத்தை இந்திய நேரத்துக்கு அமைத்து, இணையத்திலிருந்து நேரம் பெறும் வசதியை இயக்கிவிடுங்கள். ஒருமுறை இணையத்தோடு இணைத்த பின் இரு தளங்களையும் மாறி மாறித் திறந்து பாருங்கள். நிமிடம் பிசகாமல் ஒன்றாக இருந்தால் வேலை முடிந்தது.

அணைத்து வைத்த கணினி ஒவ்வொரு முறையும் பல ஆண்டுகள் பின்னே சென்றால், உள்கடிகாரத்தின் பேட்டரி தீர்ந்திருக்கும். கணினி பழுது பார்ப்போரிடம் 'சிமாஸ் பேட்டரி' என்று கேட்டால் மாற்றித் தருவர்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. நிழற்பந்தல், விளக்கு, ஒலிபெருக்கி ஆகியவற்றுக்குப் பொறுப்பாளரை நியமிக்கிறோம். கடிகாரத்துக்கும் ஒருவரை நியமியுங்கள். மாதம் ஒருமுறை அவர் பள்ளிவாசலின் கணினியையும் மின்னணுக் கடிகாரத்தையும் சரிபார்க்கட்டும். தெளிவான ஒரு மாலையில் சூரிய மறைவோடு அட்டவணையை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இளைஞர் ஒருவருக்கு இப்பணியைக் கொடுத்தால், முவக்கித்களின் மரபில் நம் ஊரிலும் ஒருவர் உருவாவார்.

நிறுவையில் ஒரு குண்டுமணி குறைந்தால் நாம் கடைக்காரரோடு வழக்காடுகிறோம். அல்லாஹ் கடமையாக்கிய நேரத்தின் அளவையில் நிமிடங்கள் குறையும்போது வாளாவிருத்தல் நீதியாகாது. இந்த வாரமே கணினியைத் திறந்து பாருங்கள்.

வல்ல ரஹ்மான் நம் தொழுகைகளையும் நோன்புகளையும் அவற்றின் நேரத்தில் நிறைவேற்றும் நற்பேற்றை நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.